அந்த நாற்பத்தைந்து நிமிடம்: நம் சங்கத்தின் பயணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பயணக் குழுவிலுள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

பாரிசிலிருந்து கரீபியன் கடலின் பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் படங்கள் இன்னும் வந்துகொண்டேயிருக்கின்றன. ஷாஞ்ஜி கோயில் கோபுரத்தின் முன்னால் எல்லோரும் வேட்டி சேலையில் நிற்கும் படத்தை எங்கள் அம்மாவுக்கும் அனுப்பினேன், காரைக்காலில் தெருவெல்லாம் காட்டிவிட்டார். விமான டிக்கெட்டிலிருந்து சர்க்கரை நோயாளிகளுக்குத் தனிச் சாப்பாடு வரை நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் குறையைத் தொடங்குகிறேன்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். திரும்பும் விமானத்தில் எட்டு மணி நேரம் இருந்ததே! "அடுத்த தடவை பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தது. அடுத்த தடவைக்கான சுற்றறிக்கை தயாராகிறது, நேரப் பட்டியல் பழையதேதான் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் குறை அந்த அருங்காட்சியகத்தைப் பற்றியது. புவான்தபீத்ர் நகரில் இருக்கும் மெமோரியல் ஆக்ட், அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் இடம். உங்கள் பட்டியலில் ஒரே வரி: "10.15 - 11.00 மியூசியம்." அதற்கடுத்து 12.30க்குக் கோயில், பூசை, சாப்பாடு. பஸ் துறைமுகப் பக்கம் திரும்பியபோது மைக் பிடித்தவர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "இது அடிமை மியூசியம். எங்கட ஆக்களைப் பற்றி ஒரு மூலையில கொஞ்சம் இருக்காம். அதைப் பாத்திட்டு ஓடி வந்திடுங்கோ. மிச்சமெல்லாம் காப்பிலியின்ர கதை."

பஸ்ஸில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து ஒன்றும் சொல்லவுமில்லை. கண்ணாடி வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் கறுப்பர். காலையிலிருந்து நம்மிடம் "நன்றி" என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு, ஏறும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர். எல்லோரும் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் போகவில்லை.

சொன்னவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். காப்பிலி என்று கறுப்பரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொன்னார்கள் என்றால் நாங்கள் காரைக்காலில் வேறு சொல் வைத்திருந்தோம். அது இதைவிட நல்லதல்ல. பாரிசில் மெட்ரோவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களைப் பற்றி, தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் நாமெல்லாம் என்னென்ன பேசியிருக்கிறோம்! அரபு வணிகர் வாயிலிருந்து போர்த்துக்கேயர் வாய்க்கு வந்து, அங்கிருந்து நம் வாய்க்கு வந்த சொல் அது. கொண்டுவந்தவர்களே கைவிட்ட பிறகும் நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சரி, உள்ளே போவோம்.

கட்டடத்தையே யாரும் நின்று பார்க்கவில்லை. கடலோரமாக நீளமான கறுப்புப் பெட்டி. அதன் மேல் வெள்ளி நிறத்தில் பின்னல் வேலை. பாழடைந்த சுவரை அத்தி இனத்து மரங்களின் வேர்கள் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. கட்டியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்: கறுப்புப் பெட்டியின் மேல் வெள்ளி வேர்கள். 2015 மே 10 அன்று அப்போதைய பிரெஞ்சு ஜனாதிபதி ஒல்லாந்து வந்து திறந்துவைத்தார். 8 கோடி யூரோவுக்கு மேல் செலவு. பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் எல்லாம் இப்படிக் கிடக்கையில் இவ்வளவு பணமா என்று அந்தத் தீவிலேயே கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

அது நிற்கும் இடம் தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த மனை. 1860களின் கடைசியில் தொடங்கி, நூறு வருடத்துக்கும் மேல் ஓடிய ஆலை. சிறிய அந்தில் தீவுகளில் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. அதற்குள் போன கரும்பை வெட்டிய கைகளில் நம் ஊர்க் கைகளும் உண்டு. அதாவது, "எங்கட ஆக்கள்" இருக்கும் மூலையைத் தேடி நாம் உள்ளே ஓடியபோது, காலடியில் இருந்த மண்ணை மிதித்துக்கொண்டுதான் ஓடினோம்.

வரவேற்பு மேசையில் நம்மில் ஒருவர் கேட்டது: "லேசாந்தியேன், எந்தப் பக்கம்?" இந்தியர்கள் எந்தப் பக்கம் என்று. அந்தப் பெண் பொறுமையாக, இங்கே வரிசையாகத்தான் போக வேண்டும், கடைசிப் பகுதிக்கு முன்னால் வரும் என்றார். பாதிப் பேர் விளக்கம் சொல்லும் காதுக்கருவியைக்கூட வாங்காமல் நடந்தார்கள். பத்து நிமிடத்தில் கடைசிக்கு வந்து, செல்ஃபி எடுத்து, வெளியே காப்பி குடித்தார்கள். நான் வரிசையாகப் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது, அவ்வளவுதான். 11 மணிக்கு நான் பாதி தூரம்கூட வரவில்லை. போன் வந்தது, "பஸ் கிளம்பிடும்" என்றார்கள். கிளம்பட்டும் என்றேன். கோயில் இருக்கும் கப்பெஸ்தேர் வரை டாக்சிக்கு நானேதான் கொடுத்தேன். அந்தக் கணக்கை இங்கே கேட்கவில்லை, பயப்பட வேண்டாம்.

நான் கண்டதைச் சொல்கிறேன். அங்கே பார்த்தது பாதி, வந்தபின் தேடிப் படித்தது பாதி. இரண்டும் இப்போது தலைக்குள் கலந்துவிட்டன, பிரிக்க முயலவில்லை.

ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை என்ன கொடுத்து வாங்கினார்கள் என்ற இடத்தில் முதலில் நின்றேன். துப்பாக்கி, சாராயம், இரும்புக் கட்டி, மணி. அப்புறம் துணி. அந்தச் சொல்லில்தான் கால் நின்றுவிட்டது. எந்த ஊர்த் துணி? நம் ஊர்த் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து, புதுச்சேரியில் அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரே "கினே". ஆப்பிரிக்காவின் கினியாக் கரைக்குப் போகிற துணி என்று பெயரிலேயே முகவரி ஒட்டியிருக்கிறது. செனகல் ஆற்றோரத்தில் அது காசு மாதிரியே புழங்கியது. கப்பல்காரர்கள் ஆள் வாங்கப் போகும்போது கொண்டுபோன சரக்கில் இந்தியத் துணிதான் பெரும்பங்கு என்று சொல்லத்தக்க காலமும் இருந்தது.

நெய்தவனுக்கு அது எங்கே போகிறதென்று தெரிந்திருக்காது. துபாஷிக்கும் தரகனுக்கும் தெரிந்திருக்கலாம். எங்கள் பாட்டி வழியில் நெசவுக் குடும்பம். நான் அந்த இடத்தில் நின்ற நேரத்தைக் கணக்குப் பார்த்தால் உங்கள் நாற்பத்தைந்தில் பத்து போயிருக்கும்.

அந்த மியூசியத்தில் தமிழன் எங்கே என்று தேடினீர்களே, மூலையில் அல்ல, தொடக்கத்திலேயே இருக்கிறான். ஆளாக இல்லை, துணியாக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆள் பிடித்து விற்பது வேறு யாரோ செய்த பாவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புதுச்சேரிக் கடற்கரையிலேயே நடந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1743ஆம் ஆண்டுக் குறிப்புகளில், ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்துக் கப்பலுக்கு விற்ற செய்தி இருக்கிறது. பிடித்தவர்களும் நம்மவர்களே, பிடிபட்டவர்களும் நம்மவர்களே. அந்தக் கப்பல்கள் போனது கரீபியனுக்கு அல்ல, மொரிசியசும் ரெயூனியனும் இருக்கிற பக்கம். என்றாலும் சங்கிலி ஒரே பட்டறைச் சங்கிலி.

அடுத்து ஒரு மரம். பாஸ்கல் மார்த்தின் தாயு என்ற கேமரூன் கலைஞர் செய்த "மறதி மரம்". இன்றைய பெனின் நாட்டின் உய்தா துறைமுகத்தில், கப்பலேற்றும் முன் கைதிகளை ஒரு மரத்தைச் சுற்ற வைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆண்கள் 9 சுற்று, பெண்கள் 7 சுற்று. ஊர், பேர், சாமி எல்லாம் மறந்துபோக வேண்டும் என்பதற்காக. நாம் மரத்தைச் சுற்றுவது பிள்ளை வரம் வேண்டி. எனக்கு அதுதான் முதலில் மனதில் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடப் பையன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே அதைச் சுற்றி வந்தான். ஐந்தாவது சுற்றில் டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கணக்கைக் கேளுங்கள். அட்லாண்டிக் வழியே கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் ஒரு கோடியே 25 லட்சம். கரை சேர்ந்தவர்கள் சுமார் ஒரு கோடியே 7 லட்சம். இடையில் குறையும் 18 லட்சம் பேர் கடலில்.

பிரெஞ்சுத் தீவுகளின் அடிமைகளுக்கென்று போட்ட 1685ஆம் ஆண்டின் "கறுப்புச் சட்டம்" பற்றி நம்மில் பிரான்சில் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். அடிமை என்பவன் அசையும் சொத்து, மேசை நாற்காலி மாதிரி பாகம் பிரிக்கலாம் என்று அதன் 44ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு மாதம் ஓடிப்போனவனுக்கு இரண்டு காதையும் அறுத்துத் தோளில் சூடு போட வேண்டும். மறுபடி ஓடினால் முழங்காலுக்குப் பின்னால் உள்ள நரம்பை வெட்ட வேண்டும், அடுத்த தோளிலும் சூடு. மூன்றாம் தடவை மரணம். இது ஏதோ ஒரு முரட்டு முதலாளி கோபத்தில் செய்தது கிடையாது. அரசன் கையெழுத்துப் போட்ட சட்டம், 38ஆம் பிரிவு. வரிசை எண்ணோடு இருப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

அதற்கப்புறம் வருவது குவாதலூப்பின் சொந்தக் கதை. இதைத் தெரியாமல் அந்தத் தீவில் ஒரு தெருப் பெயரைக்கூடப் படிக்க முடியாது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. விக்தோர் யூக் என்ற அதிகாரி சட்டத்தையும் கொண்டுவந்தான், தலை வெட்டும் கில்லட்டினையும் கொண்டுவந்தான். நாம் ஐஸ்கிரீம் சாப்பிட்ட விக்துவார் சதுக்கத்தில்தான் அதை நிறுத்தியிருந்தார்கள். எட்டு வருடம் கழித்து நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பினான். உலகத்திலேயே இப்படி ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள்: விடுதலையான மனிதனிடம் போய், எட்டு வருடம் ஆனபின், "இல்லை, நீ மறுபடி மேசை நாற்காலி" என்று சொல்வது.

லூயி தெல்கிரெஸ் என்ற கறுப்பினப் படை அதிகாரி மறுத்தார். 1802 மே 10 அன்று அவர் பெயரில் சுவர்களில் ஒட்டப்பட்ட அறிக்கை "பிரபஞ்சம் முழுமைக்கும்" என்று தொடங்குகிறது. மே 28 அன்று மாத்தூபா மலைச்சரிவில், சுற்றி வளைக்கப்பட்டபின், தன்னோடு இருந்த சுமார் 300 பேரோடு வெடிமருந்துக்குத் தீ வைத்துக்கொண்டார். அந்தப் போரில் இருந்த சொலித்யூத் என்ற பெண் அப்போது கர்ப்பிணி. பிடித்துவைத்து, பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து, பிறந்த மறுநாள், 1802 நவம்பர் 29, தூக்கில் போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பிள்ளை ஒருவருடைய சொத்தாயிற்றே, வீணாகலாமா?

நம் பஸ் மாத்தூபா மலையடிவாரம் வரை போயிற்று. அருவி பார்க்க.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1848இல் அடிமை முறை கடைசியாக ஒழிந்தது. குவாதலூப்பில் சுமார் 87 ஆயிரம் பேர் விடுதலையானார்கள். அடுத்த வருடம் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. யாருக்கு நஷ்டஈடு? முதலாளிகளுக்கு. குவாதலூப்பில் ஒரு தலைக்கு 470 பிராங்க் அளவில். விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. அந்தப் பணத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்து அந்தந்தத் தீவில் வங்கி தொடங்கினார்கள், தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுக்க.

விடுதலையானவர்கள் பலர் கரும்புக் காட்டை விட்டு மலைப்பக்கம் போய்ச் சிறு துண்டு நிலத்தில் கிழங்கு போட்டார்கள். கேட்ட கூலி கொடுத்தால் வருகிறோம் என்றார்கள். முதலாளிக்கு அந்தக் கூலியைக் கொடுக்க மனமில்லை. போர்த்துக்கேயத் தீவான மதேராவிலிருந்து ஆள் எடுத்துப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து, சீனாவிலிருந்தும். கடைசியில் நம் ஊர். 1854 டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் நேரத்தில், "ஒரேலி" என்ற கப்பல் புவான்தபீத்ரில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1889 வரை சுமார் 42 ஆயிரம் பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் நிறைய; பின்னால் கல்கத்தாவிலிருந்தும் வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். மாதம் 26 நாள் வேலை. ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து. திரும்பி ஊர் பார்த்தவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. செத்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

நாம் வாங்கியது அவர்கள் மறுத்த கூலி. நாம் படுத்தது அவர்கள் காலி செய்த குடிசை. ஆள் இறக்கும் செலவில் ஒரு பங்கு அரசாங்கக் கஜானாவிலிருந்து போனது. அதாவது, விடுதலையான கறுப்பர் கட்டிய வரிப்பணத்தில், அவர் கூலியைக் குறைக்க நம்மைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் நம்மை வெறுத்ததில் என்ன ஆச்சரியம்? அந்த வெறுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் "கூலி". நம் சொல்தான் என்கிறார்கள். உழைத்ததற்கு வாங்குகிற காசுக்கு நாம் வைத்த பெயர், அந்தத் தீவு மக்கள் பேசும் கிரியோல் மொழியில் "கூலி மலபா" என்று வசையாகி நம்மிடமே திரும்பி வந்தது. நாய் தின்னி என்றும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளைகள், இன்று நம்மோடு கோயிலில் உட்கார்ந்து சாப்பிட்ட பெரியவர்கள்தாம். ஒருவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார், நம் ஓட்டுநர் சிரித்த மாதிரியே.

அன்று காலை நாம் பஸ்ஸில் பேசியதை அவருக்கு நான் சொல்லவில்லை.

நியாயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அடிமை ஒழிப்புச் சட்டத்துக்காகப் பாடுபட்ட விக்தோர் ஷெல்ஷேர், முதிய வயதில், 1880களில், இந்தியரை இறக்குவதை எதிர்த்தும் எழுதினார். இதுவும் வேறு பெயரில் அடிமை முறைதான் என்றார். புவான்தபீத்ரிலேயே அவர் பெயரில் ஒரு சிறிய மியூசியம் 1887இலிருந்து இருக்கிறது. சந்தையிலிருந்து நடக்கிற தூரம். நாம் சந்தையில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். பட்டியலில் அதற்கு நேரம் இருந்தது!

ஆன்ரி சிதம்பரம் என்கிற மனிதரைப் பற்றி நீங்கள் பஸ்ஸில் அருமையாகப் பேசினீர்கள், அதை மறைக்க மாட்டேன். 1863இல் கப்பெஸ்தேரில் பிறந்தவர், இந்தியப் பெற்றோரின் பிள்ளை. அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை என்றபோது 1904இல் வழக்கில் இறங்கி, 1923 வரை விடவில்லை. பத்தொன்பது வருடம். கைதட்டினோம். ஆனால் அவர் எந்த வாக்குரிமையைக் கேட்டார்? 1848இல் அந்தத் தீவின் அடிமைகள் பெற்ற குடியுரிமையைத்தான். அவர்களுக்குக் கிடைத்தது இங்கே பிறந்த எங்களுக்கும் வேண்டும் என்றார். தெல்கிரெஸ் இல்லாமல் சிதம்பரத்தைச் சொன்னால் கதை நடுவில் தொடங்குகிறது. காதுக்கருவி வாங்காமல் கடைசி அறைக்கு ஓடுகிறவர் மாதிரி.

இனி ஒரு சின்ன விஷயம். எனக்கு அந்த நாளில் மிகப் பிடித்தது இதுதான்.

மதியம் ஆகிவிட்டது, என்னைத் தவிர அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. காவலுக்கு ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், கறுப்பர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். முழங்கால் என்றேன். புதுச்சேரியா என்று கேட்டார். காரைக்கால் என்றேன், தெரியவில்லை, ஆனால் தலையாட்டினார். பிறகு முழங்காலுக்கு என்ன வைத்துக் கட்ட வேண்டும் என்று சொன்னார். இலையை அரைத்து, உப்பு போட்டு என்று உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். என்ன இலை என்றேன். "வெப்பெலே" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. வேப்பிலை! அந்த அம்மாவுக்கு அது தமிழ் என்றே தெரியாது. அவருக்கு அது கிரியோல், அவர் பாட்டி சொன்ன சொல். பேச்சு வளர்ந்தது. சனிக்கிழமை ஆட்டுக்கறி கொலொம்போ வைப்பாராம். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் என்று விரல் மடக்கினார். அது கொழும்பு என்ற ஊர்ப் பெயரா, நம் குழம்பா என்று அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். அவர் சொன்ன பக்குவம் எங்கள் வீட்டுப் பக்குவம். மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது "மலியெமே"னிடம் வேண்டிக்கொண்டதாகவும் சொன்னார். மாரியம்மன். அங்கே பூசாரிக்கு "பூசாலி", மத்தளத்துக்கு "மத்தலோன்", தப்புக்குத் "தப்பு", நாடகத்துக்கு "நத்ரோன்", அதைச் சொல்லிக்கொடுப்பவருக்கு "வத்தியாலு". தமிழ் பேச ஆளில்லாத தீவில் இந்தச் சொற்களைக் கறுப்பரும் இந்தியரும் சேர்ந்துதான் வாயில் வைத்திருக்கிறார்கள்.

மைக்கில் நாம் "காப்பிலியின்ர கதை" என்று சொன்னோமே, அந்தக் கதையில் வேப்பிலை இருக்கிறது அண்ணே.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கோயிலை எடுக்கச் சொல்லவில்லை. நானும் தேங்காய் உடைத்தவன்தான், அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் கண் கலங்கியவன்தான். மியூசியத்துக்கு ஒரு முழுக் காலை வேண்டும், அதுவும் முதல் நாளே. கடைசி நாளில் பெட்டி கட்டும் அவசரத்தில் வைக்காதீர்கள். பார்த்து முடித்தபின் கட்டடத்தோடு சேர்ந்த அந்த நீள நடைபாலத்தில் நடக்கலாம். 275 மீட்டர், தரையிலிருந்து 12 மீட்டர் உயரம், எதிரே கடல். மறுமுனையில் நினைவுத் தோட்டம். வயதானவர்களுக்கு முடியாது என்று பயப்பட வேண்டாம். என் முழங்காலே போய் வந்தது. அங்கே உட்கார்ந்து பேச வேண்டியதைப் பேசிவிட்டு, மறுநாள் கோயிலுக்குப் போனால், அந்தக் கோயிலில் கறுப்பின அம்மாக்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று யாரும் யார் காதிலும் கிசுகிசுக்க வேண்டியிருக்காது. இந்தத் தடவை கிசுகிசுத்தார்கள், நான் கேட்டேன்.

அப்புறம் பிள்ளைகள். இந்தத் தடவை பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பாரிஸ் பள்ளிக்கூடங்களில் படிக்கிறவர்கள், அவர்கள் வகுப்பில் பக்கத்து இருக்கையில் உட்காருகிற பிள்ளையின் பாட்டன் இந்தத் தீவிலிருந்து வந்தவராக இருக்கலாம். மைக்கில் அந்தச் சொல் வந்தபோது எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் பிள்ளை, பதினான்கு வயது, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். சங்கத்தின் வகுப்பில் நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்.

மைக்கைப் பற்றி ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை புவான்தபீத்ர் போகும் வழியில் அரை மணி நேரம் எனக்குக் கொடுங்கள். துணியில் தொடங்கிச் சொல்கிறேன். என்னை நம்ப முடியாவிட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். கூலி வேண்டாம்.

ஓட்டுநரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. திரும்பிய நாள் விமான நிலையத்தில் கைகொடுத்து வாங்கிக்கொண்டேன். அடுத்த தடவையும் அவரையே கூப்பிடலாம் என்று நினைக்கிறேன், நல்ல ஓட்டம். ஆனால் அவரிடம் பஸ்ஸில் ஏறும்போது யாராவது ஒருவர் முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். அதை மைக் பிடித்தவரே சொன்னால் நல்லது.

சுற்றறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று செயலாளர் அக்கா சொன்னார். "10.15 - 11.00 மியூசியம்" என்ற வரியில் அந்த 11.00ஐ மட்டும் அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பஸ்ஸைத் தவறவிட்ட காரைக்கால்காரன்